தோட்டுக்குள் வைத்த கம்மல்

நேற்றுக் காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அக்கா, இதப் பாருங்களேன், சூப்பரா இருக்குது." வீட்டிலேயே நகை கழுவுவது எப்படி என்று ஒரு வீடியோ. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், கண்ணாடிக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, ஊறவைத்த பூந்திக்கொட்டையை அதில் பிசைந்துகொண்டிருந்தார். நுரை பொங்கியது. எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது. புளிப்பும் இல்லாத கசப்பும் இல்லாத, ஈரத் துணியும் பழைய வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. வீடியோவில் வாசனை வராது என்று எனக்குத் தெரியும், நான் படித்தவள். ஆனாலும் வந்தது.

கண்ணை மூடி அதை அனுபவித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "முக்கியமான விஷயம் தோழிகளே, இந்த வேலைய மட்டும் வேலைக்காரங்க கைல குடுத்துடாதீங்க. தங்கம் பாருங்க, யாருக்கும் மனசு மாறிடும்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் வேகமாகவே கொடுத்திருக்க வேண்டும். "ஏங்க்கா, ஒடச்சிடுவீங்க போலருக்கே" என்று அவள் போனைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். சூளகிரி தாண்டும் வரைக்கும் அந்த வார்த்தையே காதில் ஓடிக்கொண்டிருந்தது. மனசு மாறிடுமாம். யார் மனசு?

யாரும் கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அப்பா வழியில் தேடினாலும் அம்மா வழியில் தேடினாலும் எனக்கு முன்னால் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். டிப்ளமோ முடித்து, எலக்ட்ரானிக்ஸ் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை மார்க்கெட்டுக்குப் போகும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுகிறேன் என்று அம்மா சொல்வாள். மறப்பதெல்லாம் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

அம்மாவின் பெயர் முனியம்மா. சாமல்பட்டிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி பேரிகைக்கு வந்தாள். சாமல்பட்டியில் தமிழைத் தவிர வேறு பேச்சு அவள் காதில் விழுந்ததில்லை. பேரிகையிலோ ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் கன்னடம், சந்தையில் மூன்றும். அவள் வேலைக்குச் சேர்ந்த வீடு கன்னடம் பேசும் விவசாயக் குடும்பம். தக்காளியும் ரோஜாவும் போட்டு நன்றாக இருந்தவர்கள். அந்த வீட்டு அம்மாவின் பெயர் ரத்னம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை 'அவர்' என்று எழுதத்தான் படிப்பு சொல்லித்தந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், வெள்ளித் தட்டு ஒன்றை நீட்டி, "இதன்ன நீருல தொளை" என்றாராம் ரத்னம்மா. நீரு என்றால் கன்னடத்தில் தண்ணீர், தொளை என்றால் கழுவு. அம்மாவுக்குத் தெரிந்த நீறு நெற்றியில் பூசுகிற நீறுதான். சாமல்பட்டியில் வெள்ளிக் கொலுசை அதைப் போட்டுத்தான் தேய்ப்பார்கள். அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மாடத்தில் இருந்த திருநீற்றை ஒரு கை அள்ளிக்கொண்டு தட்டைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டாள். தட்டு நிலா மாதிரி ஆகிவிட்டது. ரத்னம்மா தட்டைப் பார்த்தார், காலியான மாடத்தைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் அம்மாவுக்குப் பெயர் 'விபூதி'. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி அந்தக் கதையைச் சொல்வார். "ஏ விபூதி, வா இல்லி." அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நான் ஐந்தாவதோ ஆறாவதோ படித்துக்கொண்டிருந்தேன், எனக்குச் சிரிப்பு வராது. தட்டு பளபளத்ததா இல்லையா? அதை ஏன் ஒருத்தரும் விருந்தாளியிடம் சொல்லவில்லை?

ஆனால் ரத்னம்மா தட்டைப் பார்த்தது வீண்போகவில்லை. அடுத்த யுகாதிக்கு நகை கழுவுகிற வேலையும் அம்மாவுக்கே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்றால் நானும் கூடப் போவேன். பின்வாசலில் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி. ஒரு பித்தளை வட்டிலில் பூந்திக்கொட்டைத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். முதல் நாள் ராத்திரியே கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கிற கறுப்பு விதையை எனக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, மேல்தோட்டை மட்டும் ஊறப்போட்டிருப்பாள். வங்கி, வளையல், காசுமாலை எல்லாம் நுரைக்குள் போகும். கல் வைத்த அட்டிகையை முக்கமாட்டாள். பழைய பல் பிரஷ்ஷை நனைத்து, பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவி, உடனே துடைத்துவிடுவாள். கழுவின தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் மெல்லிய துணியில் வடிகட்டுவாள். ரத்னம்மா நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. உட்காருவதற்கு முன்னால் அம்மா தன் காதில் இருக்கிற கம்மலைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

"கழட்டி வெச்சிட்டு உக்காரு முனியம்மா. எங்களுதுல கலந்துடும்."

எனக்கு அந்த வார்த்தை அப்போதே இடித்தது. அவர்களுடைய ஜிமிக்கி ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன். என் அம்மாவின் கம்மல் மிளகு அளவு. அவள் அப்பா கல்யாணத்துக்குப் போட்டது. எங்கள் வீட்டில் இருந்த தங்கமே அவ்வளவுதான். யானைக் கூட்டத்தில் எலி கலந்துவிடுமா? ஆனாலும் அம்மா கழற்றுவாள். காது தூர்ந்துவிடக் கூடாது என்று விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து இரண்டு துண்டைக் காதில் செருகிக்கொள்வாள். கம்மலை வைக்க இடம் வேண்டுமே. காய்ந்த பூந்திக்கொட்டைத் தோடு ஒன்றின் இரண்டு பாதியை எடுத்து, பாதிக்கு ஒன்றாகக் கம்மலைப் போட்டு, திருகாணியையும் அதற்குள்ளேயே போட்டு, குட்டைச் சுவர்மேல் வைப்பாள். சின்னக் கிண்ணத்தில் வைத்த மாதிரி அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழம்மா, தோடு என்றால் காதில் போடுவதும் தோடு, பழத்தின் மேல் ஓடும் தோடு என்று சொல்லித்தந்தபோது வகுப்பில் எனக்கு மட்டும்தான் அது உடனே புரிந்தது. கையைத் தூக்கி, "எங்கம்மா தோட்டத் தோட்டுக்குள்ள வெப்பாங்க டீச்சர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவை ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் அந்த வீட்டு ஜிமிக்கியின் திருகாணி ஒன்று காணாமல் போயிற்று. ஜிமிக்கி இல்லை, திருகாணி. வீடே எழுந்துவிட்டது. வயலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சாக்கடைக் கல்லைப் பெயர்த்து, சேற்றை வாரி, ராகி சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். அம்மாவின் கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். உதறினாள். என் பாவாடை மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றேன். கடைசியில் அது அந்த வீட்டுப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குள்ளேயே விழுந்து கிடந்தது. "ஆயித்து, கெடச்சிடுச்சி, வேலையப் பாரு" என்றார் ரத்னம்மா. அம்மா கூந்தலை முடிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். அதற்கு முதல் நாள், மொத்த நகையும் பின்வாசலுக்கு வந்தது. அம்மா வழக்கம்போலக் கம்மலைக் கழற்றித் தோட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் வரை குனிந்த தலை நிமிரவில்லை. வேலை முடிந்து, ரத்னம்மா எல்லாவற்றையும் சரிபார்த்து உள்ளே அனுப்பிவிட்டு, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பரபரப்பாகப் பின்வாசலை ஒழுங்குபண்ணினார். சக்கையும் தோடுமாகச் சுவர்மேல் கிடந்தது அவர் கண்ணில் பட்டது. "ஏனிது கச்சடா" என்று விளக்குமாற்றால் ஒரே தள்ளு. பக்கத்திலிருந்த அண்டாத் தண்ணீரையும் மேலே சாய்த்துவிட்டார். பேகா பேகா என்று அவசரம் வேறு.

அம்மா கையை உதறிக்கொண்டு ஓடினாள். ஒரு தோடு சுவரடியில் குப்புறக் கிடந்தது, அதற்குள் ஒரு கம்மல் இருந்தது. மற்றது தண்ணீரோடு சாக்கடைக்குள் போய்விட்டது.

"அம்மா, அதுல என் கம்மல் இருந்துச்சும்மா!"

ரத்னம்மா திரும்பிப் பார்த்தார். முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"தங்கமா?"

"தங்கந்தாம்மா. எங்கப்பன் போட்டது."

"அய்யோ, நான் கவரிங்குன்னு நெனச்சேன். இத்துனூண்டு இருந்துச்சே."

அம்மா சாக்கடைக் கல்லைப் பெயர்க்கக் குனிந்தாள். "சும்னே இரு முனியம்மா. சம்பந்தி வீட்டுக்காரங்க வர நேரத்துல சேத்தக் கெளறாத, நாத்தம் வரும். நாளான்னிக்குத் தேடலாம்." நான் மட்டும் நைசாகப் போய்க் கையை விட்டேன். "ஏ மரி, எழுந்திரு!" என்று அதட்டல். கன்னடத்தில் மரி என்று செல்லமாகத்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அது செல்லமாக இல்லை. கல்யாணக் கூட்டம் குளித்த தண்ணீர் அத்தனையும் அந்தச் சாக்கடை வழியாகத்தான் ரோஜாத் தோட்டத்துக்குப் போயிற்று. நாளான்னிக்கு எதைத் தேடுவது?

தங்கமா? இந்தக் கேள்வியைப் போன மாதம் மறுபடியும் கேட்டேன், வேறு வாயிலிருந்து. எங்கள் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு செய்கிற அறைக்குள் நகை போட்டுக்கொண்டு போக முடியாது. நியாயம்தான். என்னைப் போன்ற நிரந்தர ஆட்களுக்குப் பூட்டுள்ள அலமாரி இருக்கிறது. காண்ட்ராக்ட் பெண்களுக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. மூக்குத்தி, கம்மல், கொலுசு எல்லாம் அதில்தான். காவேரிப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் மூக்குத்தி ஷிப்ட் முடிந்து பார்த்தால் இல்லை. அவள் அழுதுகொண்டு நிற்கிறாள். சூப்பர்வைசர் காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்கிறார், "கோல்டாம்மா, கவரிங்காம்மா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "தங்கமான்னு ஏன் சார் கேக்கறீங்க? யாரோடதுன்னு கேளுங்க!" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர், "ஏன் மேடம் டென்ஷன் ஆவுறீங்க, கலந்து போயிருக்கும், தேடிக்கலாம்" என்றார். கலந்து போயிருக்கும்! அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. பிறகு நான் பேசியதை இங்கே எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி வைத்திருக்கும் மரியாதை குறைந்துவிடும். இப்போது ஆளுக்கு ஒரு ஜிப் கவர், மேலே பெயர். மூக்குத்தி மட்டும் வரவில்லை.

ரத்னம்மா வீட்டுக் கல்யாணக் கதைக்குத் திரும்பி வருகிறேன். மறுநாள் காலையில் அம்மா நல்ல புடவை கட்டி, காதில் ஈர்க்குச்சியோடு போனாள். ஒரு கம்மலை மட்டும் போட்டுக்கொண்டு போக முடியாதே. கூடத்தில் கால் வைத்ததும் ரத்னம்மா ஓடி வந்தார்.

"ஏனிது, மூளிக் காதோட வந்து நிக்கறே? பொண்ணு வெளில வர நேரம். பின்னாடி போ. தாலி கட்டி முடியற வரைக்கும் முன்னாடி வராதே."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காதை மூளியாக்கியவரும் அவர்தான், மூளி என்று விரட்டியவரும் அவர்தான். அம்மா பின்கட்டில் அண்டா கழுவினாள். நான் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். மணப்பெண்ணின் கழுத்தில் அட்டிகை, இடுப்பில் ஒட்டியாணம், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் தெறித்தது. "என்னா பளபளப்பு, புதுசா வாங்கினதா?" என்று ஒரு மாமி கேட்டது என் காதில் விழுந்தது. அந்தப் பளபளப்பு என் அம்மாவுடையது என்று கூடத்துக்கு நடுவில் போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. லட்டு கொடுத்தார்கள். அதைச் சாப்பிடவும் இல்லை. இன்றைக்கும் கல்யாண லட்டு எனக்கு இறங்குவதில்லை.

கல்யாணம் முடிந்ததும் நகையெல்லாம் சந்தனமும் வேர்வையும் பூவின் மகரந்தமும் ஒட்டிக்கொண்டு பின்வாசலுக்குத் திரும்பி வந்தது. பாய், வெள்ளைத் துணி, வட்டில், எல்லாம் தயார். ரத்னம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிற்று:

"கம்மலக் கழட்டி வெச்சிட்டு உக்காரு முனியம்மா, கலந்துடும்."

சொன்ன பிறகாவது அவருக்கு உறைத்ததா என்று பார்த்தேன். உறைக்கவில்லை. அம்மா நின்றபடியே காதிலிருந்து ஈர்க்குச்சியை ஒவ்வொன்றாக உருவி, அதே குட்டைச் சுவர்மேல் பக்கம் பக்கமாக வைத்தாள். பாயில் உட்காரவில்லை.

"வேணாம்மா. உங்களுதுல என்னுது ஒண்ணு ஏற்கெனவே கலந்துடுச்சி."

"ஏய், நாங்க எடுத்துக்கினோம்னு சொல்றியா?"

"நான் எங்கம்மா அப்டிச் சொன்னேன்? கலந்துடுச்சின்னுதான் சொன்னேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் "ஏ விபூதி! ஏ விபூதி!" என்று கூப்பிட்ட சத்தம் தெருமுனை வரை வந்தது. முனியம்மா என்று கூப்பிட்டிருந்தால் ஒருவேளை திரும்பியிருப்பாளோ என்னவோ. வேறு வீட்டு நகையை அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. நாங்கள் ஓசூருக்கு வந்தோம். அப்பா லோடு ஏற்றப் போனார், அம்மா கேண்டீனில் சப்பாத்தி தேய்த்தாள், நான் படித்தேன்.

மிச்சமிருந்த ஒற்றைக் கம்மலுக்கு மட்டும் எங்கள் வீட்டில் ராஜ மரியாதை. போகிக்கு வீட்டை ஒழுங்குபண்ணும்போது பூந்திக்கொட்டை ஊறவைத்து, நுரைக்க நுரைக்க அதைக் கழுவுவாள். "ஒத்தக் கம்மலுக்கு என்னாத்துக்குடி இத்தன நுரை, அதுல நானே குளிச்சிடுவேன்" என்பார் அப்பா. "குளியேன், யாரு வேணான்னா? வருஷத்துக்கு ஒருதடவையாச்சும் குளிச்ச மாதிரி இருக்கும்" என்பாள் அம்மா. துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைப்பாள். ஜோடி இல்லாத நகையை விற்றுவிடலாமே என்று சொன்னவர்களை அவள் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் சம்பளத்தில் அவளுக்கு ஒரு ஜோடிக் கம்மல் வாங்கினேன். பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி பஸ்ஸில் வழியெல்லாம் பெருமையோடு வந்தேன். கம்மல் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. குச்சியைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் காதில் வேறு எதையும் செருகவில்லை. துளை தூர்ந்துவிட்டது. கடையில் மறுபடி குத்திவிடுகிறோம், வலிக்காது என்றார்கள். "வலிக்கும்னு யாரு சொன்னா? எனக்கு வேணாம்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவைத் தேடிப் பிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். அவளும் என்னைப் போலக் கொதிப்பாள் என்று நினைத்தேன். கடைசி வரை பொறுமையாகப் பார்த்தாள். "கிண்ணம் நல்லாருக்குது பாப்பா, எங்க வாங்கினாளாம்?" என்றாள்.

"அம்மா! வேலைக்காரங்க கைல குடுக்காதீங்கன்னு சொல்றா, கேட்டியா இல்லியா?"

"கேட்டேன். சரியாத்தான் சொல்றா. இனிமே அவங்கவங்களுது அவங்கவங்களே கழுவிக்கட்டும்."

சிரித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். போகியும் இல்லை, ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, பூந்திக்கொட்டைப் பொடி போட்டு, பழைய ஒற்றையையும் நான் வாங்கிய ஜோடியையும் ஒன்றாக அதற்குள் போட்டாள். "கலந்துடும்மா" என்றேன், வேண்டுமென்றே. "கலக்கட்டுமே. எல்லாம் நம்மளுதுதான?" என்றாள்.

ஒருதடவை பேரிகைப் பக்கம் போனபோது அந்த வீட்டைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அந்தப் பின்வாசல் இல்லை, குட்டைச் சுவர் இல்லை. சாக்கடை ஓடிய இடத்தின்மேல் வெள்ளைப் பாலித்தீன் கூடாரம் போட்டு உள்ளே ரோஜா வளர்க்கிறார்கள். அந்த மண்ணுக்கு அடியில் எங்கேயோ மிளகு அளவில் அது கிடக்கும். தங்கம்தானே, கறுத்திருக்காது.

நேற்று அம்மா கிண்ணத்திலிருந்த கம்மல்களைத் துடைத்து, பழையதை எடுத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். காதுமடலைக் கட்டைவிரலால் தடவி, துளை இருந்த இடத்தைத் தேடினாள். இந்தப் பக்கம் தடவினாள், கொஞ்சம் கீழே தடவினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, எந்த எடத்துல இருந்துச்சின்னு ஒனக்குத் தெரியுதா பாரு."

கிட்டே போய்ப் பார்த்தேன். சர்க்யூட் போர்டைத் தூக்கிப்பிடித்து மயிரிழைக் கீறலையும் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. எனக்கும் தெரியவில்லை.